ஹேங்கர் கதவைத் திறந்தால் ஒரு ஏர்லைன்ஸ் கதை!

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், பேளகொண்டப்பள்ளி பக்கம் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பாருங்கள். ராகி வயல், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில், டூவீலர் உதிரிப்பாகம் ஏற்றிப் போகும் லாரி என்று ஓசூருக்கே உரிய காட்சிகள்தான் முதலில் கண்ணில் படும். அப்புறம் மரங்களுக்கு மேலே ஒரு வால் தெரியும். ஆமாம், விமானத்தின் வால்! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? இங்கே சுமார் 7,000 அடி நீளத்துக்கு ஓடுபாதை இருக்கிறது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 எல்லாம் இறங்கலாம், இறங்குகின்றன. ஆனால் ஓசூர்க்காரர் ஒருவர்கூட டிக்கெட் வாங்கி இங்கே ஏற முடியாது.

இது தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் ஓடுபாதை. 1990களில் இத்தாலியின் பார்த்தனாவியா நிறுவனத்தோடு சேர்ந்து, ஆறு பேர் அமரும் பி68 என்ற குட்டி விமானத்தை இங்கேதான் செய்தார்கள். ராணுவத்துக்கு அல்லாத விமானத்தை இந்தியாவில் ஒரு தனியார் கம்பெனி செய்யத் தொடங்கியது நம்ம தேன்கனிக்கோட்டை வட்டத்தில்! எத்தனை பேருக்குத் தெரியும் இது? அதே வளாகத்தில்தான் ஏர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் பராமரிப்புக் கொட்டகைகளும் இருக்கின்றன. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்ற இடம். ஏடிஆர், ஏர்பஸ், போயிங் மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அரக்கோணத்தில் குடியிருக்கும் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள்கூடப் பெரிய பராமரிப்புக்கு இங்கே வந்து போகின்றன. 2024 டிசம்பரில் இந்த ஏர் ஒர்க்ஸை அதானி குழுமம் வாங்குவதாக அறிவித்தது.

சிக்கன விமான நிறுவனம் ஒன்று இழுத்து மூடப்பட்டால் என்னென்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை. விமானத்தின் மறுபக்கத்தைப் பார்க்க ஹேங்கர் இருக்கிறது. பயணியின் மறுபக்கத்தைப் பார்க்க நாமே இருக்கிறோம். மூடுவிழாக்களை ஓசூரும் கிருஷ்ணகிரியும் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

முதலில் அந்தப் பெரிய கதை. 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஒரு ஏடிஆர் கிளம்பியது. ஏர் டெக்கான்! ராணுவத்திலிருந்து விலகி, ஹாசன் பக்கம் பட்டுப்புழு வளர்த்த கேப்டன் கோபிநாத் ஆரம்பித்தது. சூர்யா நடித்து, சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ படத்தின் மூலக்கதை அவருடையதுதான். படத்தில் நாயகனைச் சோழவந்தானுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். நிஜத்தில் அவர் நம் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஆர்.கே. லக்ஷ்மணின் ‘சாமானியன்’ சித்திரம்தான் நிறுவனத்தின் முகம். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட் விற்றார்கள்.

உள்ளே அதைவிடச் சுவாரசியம். சீட் நம்பர் கிடையாது. கதவு திறந்ததும், டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல ஒரு ஓட்டம். தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் காசு. விமானத்தின் உடம்பையே விளம்பரத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். இறங்கிய விமானத்தை எவ்வளவு சீக்கிரம் திருப்பி அனுப்புகிறோமோ அவ்வளவு லாபம் என்பதால், தரைப் பணியாளர்களின் கண் எப்போதும் கடிகாரத்தில்தான். ஒரே விமானம் ஒரு நாளில் எத்தனை முறை எழும்புகிறது என்ற ஒரு கணக்கில்தான் சிக்கன விமானத் தொழிலின் மொத்த உயிரும் இருக்கிறது.

இன்னொரு ரகசியமும் சொல்கிறேன், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தச் சின்ன நிறுவனங்கள் எல்லாம் ஏன் எழுபது சொச்சம் இருக்கை உள்ள விமானத்தையே பிடித்துத் தொங்கின? 80-க்குக் குறைவான இருக்கை என்றால் உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. எடை 40,000 கிலோவுக்குக் கீழே என்றால் எரிபொருளுக்கு அன்று 4 சதவீத வரிதான். பெரிய விமானம் அதே எரிபொருளை நிரப்பினால் தமிழ்நாட்டில் 29 சதவீதம் கட்டவேண்டியிருந்தது. விமானக் கம்பெனியின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், எரிபொருள்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மதுரைக்கும் கோவைக்கும் சின்ன எம்ப்ரேயர் ஜெட்டுகளைக் கொண்டுவந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் போட்டதும் இதே கணக்குதான். ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்த நமக்கு, அந்த ஜன்னல்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது ஒரு வரி விதி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா!

இனி ஓசூருக்கு வருகிறேன். ஏர் டெக்கான் பறந்த நாட்களில் பெங்களூரின் விமான நிலையம் பழைய எச்.ஏ.எல். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, மாரத்தஹள்ளி பக்கம் திரும்பினால் வந்துவிடும். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு மாலை விமானம் பிடிக்கலாம் என்ற நிலைமை. டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்டுக்கு உதிரிப்பாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை முதலாளிகளுக்கு, புனே போய் ஆர்டர் பேசிவிட்டு மறுநாள் லேத் முன்னால் நிற்கலாம் என்பதே புது அனுபவம்.

அப்புறம் 2008 வந்தது. மே 24 அன்று எச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் சேவை முடிந்து தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தது. ஓசூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். நடுவில் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று பெங்களூரின் மொத்த நெரிசலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்றே மாதத்தில், ஆகஸ்டில், டெக்கான் என்ற பெயரும் போனது. விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 2007-லேயே 26 சதவீதப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. அந்த டெக்கான்தான் கிங்ஃபிஷர் ரெட் ஆயிற்று. விமான நிலையமும் தள்ளிப்போய், மலிவுக் கம்பெனியும் கைமாறி, ஒரே வருடத்தில் ஓசூர்ப் பயணிக்கு இரட்டை அடி. பெங்களூர்ப் பத்திரிகைகள் புது நிலையத்தின் கண்ணாடிச் சுவரைக் கொண்டாடிய அந்த வருடத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மல்லையா ஏன் டெக்கானை வாங்கினார்? அதுவும் திரைக்குப் பின்னால் நடந்த ரசமான வேலைதான். உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்க அனுமதி என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் 2005-ல்தான் பிறந்தது. டெக்கானுக்கு 2008-ல் ஐந்து வயது முடிகிறது. காகிதத்தில் டெக்கான் கம்பெனிக்குள் கிங்ஃபிஷரை நுழைத்து, பிறகு பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே 2008 செப்டம்பரில் லண்டனுக்குப் பறந்துவிட்டார்கள். ஒரு ரூபாய் டிக்கெட்காரர்கள் சேர்த்துக் கொடுத்த வயதில் லண்டன் விமானம்! 2011 செப்டம்பரில் ‘ரெட்’ சேவையை மூடப்போவதாக மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் மொத்தக் கிங்ஃபிஷரும் தரை தட்டியது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்கு இதில் இன்னொரு வலி உண்டு. சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம் ஊருக்குள் போகும் முன்பே வந்துவிடும். அந்த நிலையம் 1993-ல் என்.இ.பி.சி. ஏர்லைன்ஸோடு தொடங்கியது. காற்றாலை செய்த சென்னைக் கம்பெனி அது. 1997-ல் மூடியது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் ரெட் சென்னையிலிருந்து வந்தது. 2011-ல் நின்றது. 2018 மார்ச் 25 அன்று ஹைதராபாத்தின் ட்ரூஜெட் வந்தது, நடிகர் ராம்சரண் முகமாக இருந்த நிறுவனம். அதுவும் 2021-ல் சேலத்தை விட்டது. 2022 பிப்ரவரியில் எல்லா ஊரையும் விட்டது. மூன்று கம்பெனி, மூன்று முறையும் அதே கதை. ஓடுபாதை இருந்தது, டெர்மினல் இருந்தது, தீயணைப்பு வண்டி இருந்தது. விமானம்தான் இல்லை.

ட்ரூஜெட் வந்ததற்குப் பின்னாலிருந்த ஏற்பாடு உடான் திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு விலை வரம்பு. அதனால் வரும் நஷ்டத்தை மூன்று வருடத்துக்கு அரசு ஈடுகட்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி, பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்கள் மீது போட்ட சிறு கட்டணத்திலிருந்து. டெல்லி-மும்பை பறக்கிறவர் சேலத்துக்காரருக்குச் சில்லறை போடுகிறார்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் மூன்று வருடம் முடிந்ததும் காலடியில் மண் சரிகிறது. போதாக்குறைக்குக் கொரோனா வேறு. இதே திட்டத்தில் 2017 டிசம்பரில் மறுபிறவி எடுத்த ஏர் டெக்கானும் 2020 ஏப்ரலில் நின்றுபோனது.

பக்கத்துப் பெங்களூரில் 2015 ஏப்ரலில் கிளம்பிய ஏர் பெகாசஸ், 2016 ஜூலை 27-ல் நிறுத்தம். மொத்தமே மூன்று ஏடிஆர்தான் வைத்திருந்தார்கள். கோவையில் அதே 2016 ஜூலையில் பிறந்த ஏர் கார்னிவல் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்று விமானம் வைத்திருப்பவரிடம் ஒன்று பழுதானால் அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு காலி. ‘ஏஓஜி’ என்பது ஹேங்கர் மொழியில் மிகவும் அஞ்சப்படும் சொல். விமானம் தரையில் நிற்கிறது, உதிரிப்பாகம் எங்கிருந்தாலும் உடனே வேண்டும் என்று அர்த்தம். காசு இருந்தால் பிரான்ஸிலிருந்து நாளை மறுநாள் வந்துவிடும். இல்லையென்றால்? நிற்கிற இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். அப்படிக் கழற்றத் தொடங்கினாலே மெக்கானிக்குகளுக்குப் புரிந்துவிடும். பயணிக்கு எஸ்.எம்.எஸ். வருவதற்குப் பல வாரம் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த அடையாளம் எரிபொருள். கடனுக்கு நிரப்பிக்கொண்டிருந்த எண்ணெய் நிறுவனம் ‘கேஷ் அண்ட் கேரி’ என்று சொல்லிவிடும். காசை வைத்தால் நிரப்புவேன். விமான நிலையமும் அதையே சொல்லும். அதற்குப் பிறகு காலை விமானத்தின் டிக்கெட் வசூல்தான் மாலை விமானத்தின் எரிபொருள். சம்பளம் தள்ளிப்போகும். பைலட்டுகள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடுவார்கள். அதுவும் லேசில்லை. ஏடிஆர் ஓட்டியவர் நாளைக்கே ஏர்பஸ் ஓட்ட முடியாது, அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி, தனி அங்கீகாரம் வேண்டும்.

கடைசியில் ஒருநாள் குத்தகைக்காரர் வருகிறார். நாம் ‘அந்தக் கம்பெனி விமானம்’ என்று சொல்கிறோமே, அதில் பெரும்பாலானவை அந்தக் கம்பெனியுடையவையே அல்ல! அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நிறுவனத்திடமிருந்து மாத வாடகைக்கு எடுத்தவை. இன்ஜின் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். உடம்பு ஒருவருடையது, இடது இன்ஜின் வேறொருவருடையது என்று ஒரே விமானத்தில் இத்தனை சொந்தக்காரர்கள்!

வந்தவர் முதலில் கேட்பது விமானத்தை அல்ல, பெட்டி பெட்டியாக இருக்கும் காகிதங்களை. எந்தப் பாகம் எந்தத் தேதியில் மாட்டப்பட்டது, எத்தனை முறை ஏறி இறங்கியது, யார் கையெழுத்திட்டார்கள் என்று ஆதியிலிருந்து எழுதி வைத்த பதிவுகள். லேண்டிங் கியரும் இன்ஜினின் சுழலும் தட்டுகளும் இத்தனை முறைதான் பயன்படலாம் என்று ஆயுள் குறித்து வைத்தவை. பதிவு தொலைந்தால், பாகம் பளபளவென்று இருந்தாலும் மதிப்பில்லை. இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துப் போனது. பல கோடி ரூபாய் உலோகத்தின் விலையைத் தீர்மானிப்பது ஒரு மெக்கானிக்கின் கையெழுத்து!

அதற்குள் விமானம் நிற்கிற இடத்திலேயே பக்குவமாகப் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும். இன்ஜின் வாய்களை மூடி, குருவி கூடு கட்டாமல் காத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்து, டயர் ஒரே பக்கம் நசுங்காமல் அவ்வப்போது சக்கரத்தை உருட்டி வைப்பார்கள். பிறகு குத்தகை திரும்பும் சோதனை. ஓசூர் ஹேங்கர் போன்ற இடங்களின் அன்றாட வேலைகளில் இதுவும் ஒன்று. இருக்கைகள், தரைப் பலகைகள் எல்லாம் வெளியே வரும், அடிவயிற்றில் துரு தேடுவார்கள். பழைய கம்பெனியின் நிறத்தைச் சுரண்டி எடுப்பார்கள். இந்தியப் பதிவைக் குறிக்கும் ‘விடி’ எழுத்துகள் அழிந்து, வேறு நாட்டின் எழுத்துகள் ஏறும். சில மாதத்தில் அது வேறெங்கோ, வேறு பெயரில், வேறு மக்களை ஏற்றிக்கொண்டு பறக்கும்.

ஆக, விமானம் சாவதில்லை. அதைக் காப்பாற்ற எவ்வளவு பேர்! 2001-ல் உருவான கேப் டவுன் ஒப்பந்தம், கடனில் மூழ்கிய நிறுவனத்திடமிருந்து விமானத்தைச் சொந்தக்காரர் மீட்க வழி செய்கிறது. இந்தியா 2008-ல் அதில் சேர்ந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு போட்டபோது இந்த ஒப்பந்தம் சோதனைக்கு வந்தது. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் எல்லாச் சொத்துகளையும் அப்படியே நிறுத்தி வைத்தது, விமானங்களும் மாட்டிக்கொண்டன. ஒரு வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் 26 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவையும் ஐந்து வேலை நாளில் ரத்துசெய்யச் சொன்னது. இனி அப்படி இழுக்கக்கூடாது என்று 2025-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுவிட்டது.

இங்கேதான் என் மனம் கொதிக்கிறது. விமானத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஐந்து நாள் கெடு இருக்கிறது. டிக்கெட் வாங்கியவருக்கு? அவர் கொடுத்த முன்பணம் தனிக் கணக்கில் கிடப்பதில்லை. வாங்கிய அன்றே எரிபொருளாகவும் வாடகையாகவும் கரைந்துவிடுகிறது. கம்பெனி திவாலானால் அவர் கோரிக்கை மனு போட்டுவிட்டு, வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியவர் வங்கியிடம் முறையிட்டு மீட்க வாய்ப்புண்டு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டிராவல்ஸ் கடையில் ரொக்கம் கொடுத்தவர் அந்தக் கடைக்காரரைத்தான் கேட்பார். அந்தக் கடைக்காரரோ டிக்கெட் எடுப்பதற்காக முன்கூட்டியே ஏர்லைன்ஸ் கணக்கில் பணம் போட்டு வைத்திருப்பவர். அதுவும் போயிற்று. தெரிந்த முகங்களுக்குக் கைக்காசைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெருநகரப் பயணிக்கு ஒரு நிறுவனம் போனால் இன்னொரு நிறுவனம், விலை கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஒரே ஒரு விமானம் வந்துபோன ஊரில் மூடல் என்பது ஊருக்கே கதவு சாத்தல். கிருஷ்ணகிரிக்காரர் சேலத்தை மறந்துவிட்டு மறுபடியும் இரவு பஸ்ஸில் சென்னைக்கோ, விடியற்காலை மூன்று மணிக்கு டாக்ஸி பிடித்து தேவனஹள்ளிக்கோ போகவேண்டியதுதான். டாக்ஸி வாடகை விமான டிக்கெட்டை மிஞ்சும் நாட்களும் உண்டு.

ஓசூருக்கே ஒரு விமான நிலையம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். உடான் பட்டியலில் ஓசூர் பெயர் வந்தது, பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். குறுக்கே வந்தது பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம். 150 கிலோமீட்டருக்குள், மைசூரையும் ஹாசனையும் தவிர, இன்னொரு சர்வதேச விமான நிலையம் 2033 வரை கூடாது என்று அதில் ஒரு பிரிவு. இருந்தும் 2024 ஜூன் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் 110 விதியின் கீழ் அறிவித்தார்.

நல்லது, வரட்டும்! எனக்கு அதில் சிங்கப்பூர் விமானத்தைவிட ஏடிஆர் நிற்கும் மூலைமீதுதான் கண். 2023 அக்டோபரில் சேலத்துக்கு அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன, இரண்டுமே ஏடிஆர்தான். இண்டிகோவிடம் அந்த ரகத்தில் பல டஜன் விமானம் இருப்பதால் ஒன்று படுத்தால் இன்னொன்று வரும். மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய ஏர் பெகாசஸுக்கு இல்லாத வசதி அது. ஓசூரிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் எழுபது சீட்டில் பறக்க யாரை அழைப்பது என்று அரசு யோசிக்கும்போது, மானிய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்க்கட்டும்: பயணி பறந்து முடிக்கும்வரை அவருடைய டிக்கெட் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். மானியம் கொடுப்பது மாநில அரசும் மத்திய அரசும். கேட்க உரிமை இருக்கிறது, 2033-க்குள் எழுதி முடிக்க நேரமும் இருக்கிறது.